மணிமேகலை எங்கடி?

நேற்று மும்பை செம்பூர் வீட்டில் 'பொன்னியின் செல்வன் 2' மறுபடி ஓடியது. முடிந்ததும் அத்தை கேட்டது ஒன்றுதான்: "ஏண்டி, மணிமேகலை எங்கடி?"

1950லிருந்து 54 வரை கல்கி இதழில் வந்த மூல நாவலின் தொடரை வாராவாரம் கிழித்து, ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு பாட்டி தைத்து வைத்த பைண்டு, கும்பகோணத்தில் ரயிலேறி தாதரில் வந்து இறங்கியது. அதில் வளர்ந்தவருக்கு, வந்தியத்தேவன் மடியில் உயிர்விடும் அந்தப் பெண் இல்லாமல் கதை எப்படி முடியும்?

எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் சேந்தன் அமுதன் விஷயத்தில் நான் மணிரத்னம் கட்சி. நாவலில் பூக்கட்டும் அமுதன்தான் நிஜ உத்தம சோழன். அந்த ஆள்மாறாட்டம் கல்கியின் கற்பனை. படத்தில் இளவரசராக வளர்ந்த மதுராந்தகனே உத்தம சோழனாக முடிசூடுகிறார், வரலாறும் அதுதான். "வரலாறு யாருக்கு வேணும்?" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாவலின் ஐந்து பாகங்களை இரண்டு படங்களாக ஐந்தரை மணி நேரத்தில் அடக்கினால் யாராவது விடுபடத்தான் செய்வார்கள்.

என் பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராது (தப்பு என்னுடையதுதான்). இன்று காலை அந்த பைண்டை எடுத்து அத்தை மடியில் வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அத்தை வாசிக்க ஆரம்பித்தாயிற்று. இப்போது கதை தொடங்கும் வீரநாராயண ஏரிக்கரையில் இருக்கிறார்கள். சமையல் இன்று நான்தான்.