கட்டுநாயக்கவிலிருந்து நிலாவெளிக்கு: ஒரு வானும் ஒரு வாங்கும்

அம்மாவுக்கு இடது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நடை வந்துவிட்டது. மாடிப்படி மெதுவாக ஏறுகிறார். உயரமான வண்டியில் ஏறுவதுதான் இன்னும் சிரமம். அப்படிப்பட்ட நேரத்தில்தான், "ஒரு தடவை கோணேஸ்வரத்தைப் பார்த்துடணும்டி" என்று ஆரம்பித்தார். இலங்கையின் திருகோணமலையில் இருக்கும் சிவன் கோயில், சின்ன வயதில் தாத்தா சொல்லிக் கேட்ட தலம். பிள்ளைகளுக்கோ கடல் வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஊர்தான் கிடைத்தது, நிலாவெளி. திருகோணமலையிலிருந்து வடக்கே அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடற்கரையை ஒட்டியே விடுதிகள் இருக்கின்றன.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் விமானம் இறங்கும் கட்டுநாயக்கவிலிருந்து நிலாவெளிக்குச் சாலை வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர், ஐந்தரை முதல் ஆறு மணி நேரம். பறக்கும் நேரத்தைப் போல ஆறு மடங்கு தரையில் கழிகிறது. எனவே விமான டிக்கெட்டைவிட, விடுதி அறையைவிட, அந்த ஆறு மணி நேர வண்டியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன்.

யோசிக்க இன்னொரு காரணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் இலங்கையின் தென்மேற்குக் கரையில் இருக்கும் பெந்தோட்டைக்குப் போனோம். சென்னையிலிருந்து இரவு விமானம். இணையத்தில் இருப்பதிலேயே விலை குறைந்த நிறுவனத்தில் காருக்கு முன்பணம் முழுவதும் கட்டியிருந்தேன். பயணத் தேதி என்று கேட்ட கட்டத்தில் நாங்கள் கிளம்பும் தேதி போய்விட்டது. இறங்கியதோ நள்ளிரவு தாண்டி, அதாவது மறுநாள். கார் முந்தைய நாளே வந்து காத்திருந்துவிட்டுப் போய்விட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். விமான எண் அதே படிவத்தில்தான் இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. பணமும் திரும்பி வரவில்லை. தூக்கத்தில் இருந்த மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, வருகைக் கூடத்தில் இருக்கும் டாக்ஸி கவுண்டரில் வேறு வண்டி எடுத்தோம். வெலிப்பன்னையில் அதிவேகப் பாதையை விட்டு இறங்கும்போது சுங்கக் கட்டணம் தனி என்றார் ஓட்டுநர். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கிளம்பும் தேதியை எழுதுவதில்லை. விமான எண், இறங்கும் தேதி, இறங்கும் கிழமை, இறங்கும் நேரம் என்று நான்கையும் ஒரே வரியில் எழுதி அனுப்பி, அதையே அவர்கள் திருப்பி எழுதும்வரை விடுவதில்லை.

இந்த முறை மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒரு வெளிநாட்டு முன்பதிவுத் தளம் வானுக்கு 135 டாலர் என்றது. விடுதிக்காரர்கள் தாங்களே அனுப்பும் வானுக்கு 52,000 ரூபாய் என்றார்கள். இங்கே கொஞ்சம் கவனம் தேவை. அவர்கள் சொல்வது இலங்கை ரூபாய். நம் ஒரு ரூபாய் அங்கே சுமார் மூன்றரை ரூபாய். என் கணவர் முதலில் 52,000 என்று கேட்டதும் பயணத்தையே விட்டுவிடலாம் என்றார். எந்த ரூபாய் என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டும்.

மூன்றாவது எண், அலுவலகத் தோழி ஒருத்தி கொடுத்தது. அவள் உறவினர்கள் திருகோணமலைக்கும் நிலாவெளிக்கும் நடுவே உப்புவெளியில் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கூப்பிடும் வான்காரர், திருகோணமலைக்குப் பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்தவர். 38,000 என்றார். விடுதி சொன்னதைவிட இவ்வளவு குறைவாக எப்படி முடிகிறது என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: "தங்கச்சி, எனக்கு முதல் நாள் எயார்போட்டுக்கு ஒரு ஹயர் இருக்கு. ஆக்கள இறக்கிட்டு வெறும் வானோடதான் ஊருக்குத் திரும்பணும். நீங்க வந்தா எனக்கு றிட்டர்ன் ஹயர்."

ஹயர் என்றால் வாடகைச் சவாரி. இந்த ஒரு பதிலில் மொத்தக் கணக்கும் விளங்கிவிட்டது. விமான நிலையத்துப் பக்கத்து ஊர் வண்டியைப் பிடித்தால், அவர் நம்மை இறக்கிவிட்டு 250 கிலோமீட்டர் காலியாகத் திரும்ப வேண்டும். அந்தக் காலிப் பயணத்துக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார். அதில் தவறில்லை, டீசல் அவர் பணம். போகிற ஊரைச் சேர்ந்த ஓட்டுநருக்கோ நாம் வீடு திரும்பும் வழித்துணை. விலையும் குறையும், சாலையும் அவருக்கு உள்ளங்கை போலத் தெரியும். தொலைதூரக் கடற்கரைக்குப் போகிறவர்கள் முதலில் அந்த ஊர் வண்டியைத் தேடிப் பாருங்கள்.

ஆனால் அதே பதிலில் எனக்கு ஒரு பயமும் வந்தது. முதல் நாள் ஹயர் என்றால் இரவெல்லாம் ஓட்டிவிட்டு, தூங்காமல் எங்களை ஏற்றுவாரா? கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன். "முதல் நாள் ராத்திரி எங்கே படுப்பீங்க?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னேரமே ஆட்களை இறக்கிவிடுவதாகவும், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் மச்சான் வீட்டில் தூங்கிவிட்டுக் காலையில் வருவதாகவும் சொன்னார். வான் வழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்றதற்கு அந்த மச்சானின் எண்ணையும் அனுப்பினார். தனி ஆளை நம்பிப் போகும்போது இப்படி ஒரு இரண்டாவது எண் இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் நான் 52,000-க்கே போயிருப்பேன். நள்ளிரவில் இறங்குகிறவர்களும், நம்பகமான ஆள் மூலம் எண் கிடைக்காதவர்களும் விடுதி வண்டியையோ விமான நிலையக் கவுண்டரையோ எடுப்பதுதான் சரி.

வண்டி என்ன என்று கேட்டபோது "கே.டி.எச். ஹை ரூஃப்" என்றார். டொயோட்டா வான். இலங்கையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வான்களில் நிறையப் பார்க்கலாம். உள்ளே அதிகம் குனியாமல் நடக்கும் அளவுக்கு உயரம், பின்னால் பெட்டிகளுக்குத் தாராளமாக இடம். ஆனால் படி? பக்கக் கதவின் படத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். தரைக்கும் முதல் படிக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வாடியது. அதை அவருக்கு எழுதினேன். பதில் வந்தது: "அம்மாக்கு ஏற ஏலாது எண்டா வாங்கு கொண்டாரன்."

வீட்டில் எல்லோரும் சேர்ந்து படித்தோம். "என்ன வாங்கிக்கொண்டு வருவார்?" என்றாள் மகள். யாருக்கும் தெரியவில்லை. சரி, வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

மே மாதக் கடைசி வாரம். எங்கள் காலை விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அவருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் அதற்கு முன்பே விமான எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தார். "பாத்துட்டன். ஆறுதலா வாங்க" என்று பதில். காத்திருக்கும் நேரத்துக்குத் தனிப் பணம் உண்டா என்பதை முன்பே பேசியிருந்தோம். விமானம் தாமதமானால் இல்லை, நாமாகக் கடைகளில் சுற்றித் தாமதித்தால் உண்டு. எனக்கு அது நியாயமாகப் பட்டது.

கட்டுநாயக்கவில் இறங்கும்போது அடைமழை. தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் தொடங்கியிருந்தது. மழையில் கடற்கரைக்குப் போகிறோமே என்று கணவர் கவலைப்பட்டார். மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் மேற்கும் தெற்கும் நனையும்போது கிழக்குக் கரை காய்ந்து, கடலும் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் இது அப்படியே மாறிவிடும். பெந்தோட்டைக்கு ஜனவரி, நிலாவெளிக்கு ஜூன். விடுதியின் விலை குறைவாக இருக்கிறதே என்று இதை மாற்றிப் பதிவுசெய்துவிடாதீர்கள்.

பணம் மாற்றி, சிம் வாங்கி வெளியே வந்தோம். பெயர்ப் பலகைகளோடு நின்ற கூட்டத்தில் ஆங்கிலம், சீனம், ரஷ்ய மொழி எல்லாம் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு அட்டையில், நீல மையில், தமிழில் அம்மாவின் பெயர். என் பெயர் இல்லை, அம்மாவின் பெயர். வெளிநாட்டு விமான நிலையத்தில் தன் பெயரைத் தமிழில் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார். அந்த அட்டையை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இன்றும் அது எங்கள் பூஜை அறை அலமாரியில் இருக்கிறது.

வான் பக்கத்தில் போனதும்தான் 'வாங்கு' என்னவென்று தெரிந்தது. குட்டைப் பெஞ்சு. நம் ஊரில் மனையை உயர்த்திக் கால் வைத்தது போல, ஒரு முழ நீளம், முக்கால் அடி உயரம், பலகையின் மேல் வழுக்காமல் இருக்கப் பழைய டயர் ரப்பரை ஆணி அடித்து ஒட்டியிருந்தார். நான்கு காலிலும் ரப்பர். அதைக் கதவோரம் வைத்து, தன் பாதத்தால் ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஏறுங்கம்மா. நல்ல காலால முதல்" என்றார். அம்மா வலது காலை வைத்தார், கைப்பிடியைப் பிடித்தார், ஏறிவிட்டார். "உம்மாக்கும் முழங்கால் வருத்தம். அவக்குச் செஞ்சது" என்றார் அவர். அதற்குப் பிறகு நாங்கள் அவரைச் சார் என்று கூப்பிடவில்லை. நானா என்று கூப்பிடச் சொன்னார், அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்களாம்.

குருநாகல் வரை சிறு ஊர்களும் தென்னந்தோப்புகளும் மழையும். குருநாகலில் சாப்பிட்டோம். ஊரின் தலைமேல் யானை படுத்திருப்பது போன்ற பெரிய பாறை நிற்கிறது. தம்புள்ளையைத் தாண்டும்போது மழை எங்கோ பின்னால் நின்றுபோயிருந்தது. சாலை காய்ந்து கிடந்தது, காற்றில் சூடு. ஒரே நாட்டுக்குள் இரண்டு பருவத்தைக் கடந்த மாதிரி இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நானா வானை நிறுத்தினார். அம்மா கால் நீட்டி நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை நான் ஒரே ஒரு முறைதான் அவரிடம் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாங்கு முதலில் இறங்கியது.

ஹபரணைக்குப் பிறகு சாலையின் இரு பக்கமும் காடு. கல்லோயாச் சந்திக்கு முன்னால் நானா வேகத்தைக் குறைத்து, ஹார்னிலிருந்து கையை எடுத்தார். இடது ஓரத்தில் ஒற்றை ஆண் யானை நின்றது. கொம்பில்லை, முதுகில் செம்மண். வாகனங்களைப் பார்த்து அது நகரவில்லை, எதிர்பார்த்து நின்றது. மகன் கையில் வாழைப்பழம் இருந்தது. "வாணாம் மகன், கண்ணாடியப் பூட்டுங்க" என்றார் நானா. ஆட்கள் பழம் கொடுத்துக் கொடுத்து யானை ரோட்டுக்கு வரப் பழகிவிட்டது, இருட்டில் வந்து மோதி மனிதரும் சாகிறார்கள் யானையும் சாகிறது என்று சொன்னார். எதிரே வந்த லாரி கடந்ததும் மெதுவாக விலகிப் போனோம். நான் காலை விமானத்தைத் தேர்ந்தெடுத்தது அம்மாவின் தூக்கத்துக்காக. ஆனால் இந்தச் சாலையைப் பார்த்த பிறகு சொல்கிறேன், மாலையில் இறங்கும் விமானம் என்றால் அன்று நீர்கொழும்பிலேயே தங்கிவிடுங்கள். இருட்டில் இந்தக் காட்டைக் கடக்கும்படி எந்த ஓட்டுநரையும் கேட்காதீர்கள்.

கந்தளாய் தாண்டியதும் சாலையோரம் மண்சட்டிகளில் எருமைத் தயிர். கரண்டியால் எடுத்தால் வெட்டிய துண்டு போல நிற்கிறது. மேலே கித்துள் பாணி, அதாவது கூந்தல்பனைப் பாகு, ஊற்றிக் கொடுத்தார்கள். அம்மா ஒரு சட்டித் தயிரில் பாதியைத் தனியாகவே சாப்பிட்டார். "எங்கட ஊர்த் தயிரும் இப்படித்தான்" என்றார் நானா. கிண்ணியாவுக்குப் பாலம் திறந்தது 2009-இல்தானாம். அதற்கு முன் படகுத் துறையில் காத்துக் கிடந்து, கரை கடந்துதான் ஊருக்குள் போக வேண்டும். விமான நிலைய ஹயர் எடுக்கவே அப்போது முடியாது, எப்போது அக்கரை போய்ச் சேர்வோம் என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாதே என்றார். அதைச் சொல்லும்போது குரலில் அலுப்பே இல்லை.

விடுதி வாசலுக்கு வரும்போது மணி ஏழு ஆகப்போகிறது. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பேசிய 38,000-க்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களாகக் கொடுத்ததை அம்மா கையால் வாங்கிக்கொண்டார். விடுதிக்காரர் அவருக்குத் தேநீர் கொடுத்தார்களா என்று அம்மா இரண்டு முறை விசாரித்தார். கொடுத்தார்கள். கிண்ணியாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கோணேஸ்வரத்துக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் நானாவே அழைத்துப் போனார். அதை இன்னொரு கட்டுரையில் எழுதுகிறேன், அம்மா அந்தப் பாறை உச்சியில் நின்றதைச் சேர்த்து.

திரும்பும் விமானம் புதன் பிற்பகல். காலை நாலு மணிக்குக் கிளம்பலாமா என்று செவ்வாய் இரவு செய்தி அனுப்பினேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது.

"நாலு மணி வாணாம் தங்கச்சி. அஞ்சுக்கு வெளிக்கிட்டா கந்தளாய் போகக்குள்ள விடிஞ்சிரும், யானைப் பயம் இல்ல. நேரம் போதும். வாங்கு வானுக்குள்ளதான் கிடக்கு எண்டு அம்மாட்ட சொல்லுங்க."