என் முதல் நாவல் வெளிவந்துவிட்டது

அலுவலகப் பணி, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டிருந்த என் முதல் நாவல் அச்சாகி, நேற்று நாகர்கோவில் வந்து சேர்ந்துவிட்டது என்பதை உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் தண்ணீரை நம்பி, கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் நெல் விளைவித்த நாஞ்சில் நாட்டுக் குடும்பமொன்று, வயலைத் தூர்த்துத் தென்னை வைக்க நேர்ந்த கதை இது.

ஆஃப்செட் அச்சில் சில நூறு பிரதிகளாவது போட்டால்தான் கட்டுப்படியாகும் என்பதால் புதியவர்களை ஏற்கப் பதிப்பகங்கள் தயங்கிய காலத்தில், என் கைப்பிரதியும் ஓரிடத்தில் பதிலின்றிக் கிடந்தது. தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு 50 பிரதிகள்கூடப் போட முடிகிறது. என்னைப் போன்றோருக்கு அதுவே கதவைத் திறந்தது என்பேன்.

மெய்ப்புப் பார்த்தவர், "ஆவணியில் அறுத்த வயலை மாசியில் மறுபடியும் எப்படி அறுக்கிறார்கள்?" என்று ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருந்தார். முன்னது கன்னிப்பூ, பின்னது கும்பப்பூ என்று அதன் கீழேயே எழுதி அனுப்பினேன். (வெளியூர்க்காரர், பாவம்.)

முதல் பிரதியைப் பூதப்பாண்டியில் இருக்கும் அத்தையிடம் கொடுத்தபோது, அவர் அட்டையைக்கூடப் பார்க்காமல், "நம்ம வயலு எந்தப் பக்கத்துல வருது மக்கா?" என்றுதான் கேட்டார். பிரதி வேண்டுவோர் உட்பெட்டியில் தெரிவிக்கலாம்.