ஜிப்சிக்கு டீசல் இன்ஜின்

பெட்ரோல் விலை ஏற ஏற, எங்கள் மாருதி ஜிப்சியில் குடும்பத்தோடு பாபநாசம் போகக்கூட அப்பா யோசிக்க ஆரம்பித்தார். அப்புறம்தான் டீசல் பேச்சே வந்தது. பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சி, பழைய மாருதி எஸ்டீம் டீசல் காரில் வந்த 1,527 சிசி பியூஜோ இன்ஜினைப் போடலாம் என்றார்.

எஸ்டீமில் அது குறுக்காக உட்கார்ந்திருக்கும், ஜிப்சியிலோ நீளவாக்கில் உட்கார வேண்டும், அதனால் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட்டுக்குப் புதிதாக வெல்டிங், கியர்பாக்ஸோடு சேர்க்க லேத்தில் கடைந்த ஒரு பிளேட், ரேடியேட்டர் ஹோஸ் என்று வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆனால் பலர் கோட்டை விடுவது பிரேக்கில்தான். பெட்ரோல் இன்ஜினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் வால்வு மூடும்போது, இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் உண்டாகிற வெற்றிடம்தான், நாம் மிதிக்கும் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு பலம். இந்த டீசலில் அப்படி ஒரு வால்வே கிடையாது, அந்த வெற்றிடத்தை உண்டாக்கத் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். "அது இல்லாம மிதிச்சீருன்னா பெடல் லேசுல இறங்காதுவே" என்றார் அண்ணாச்சி.

ஆர்டிஓ அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள். புது இன்ஜின் நம்பர் ஆர்சியில் ஏறாவிட்டால் இன்சூரன்ஸ் க்ளெய்மில் இழுத்தடிப்பார்கள்.

80 குதிரைத்திறன் இருந்த வண்டி இப்போது 60-க்கும் கீழே, பைபாஸில் ஓவர்டேக் பண்ணப் பொறுமை வேண்டும். செலவு குறைந்ததில் அப்பாவுக்குச் சந்தோஷம். அம்மாவுக்குத்தான் சத்தம் பிடிக்கவில்லை, டிராக்டரில் வந்த மாதிரி இருக்காம்.