லண்டனா டோக்கியோவா: அம்மாவின் கடப்பிதழ்தான் முடிவு செய்தது

மகள் பிஎஸ்எல்இ (சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேர்வு) எழுதி முடித்ததும் டிசம்பர் விடுமுறையில் வெளிநாடு கூட்டிப்போவதாகச் சொல்லி வைத்திருந்தோம். அவளுக்கு டோக்கியோ, வீட்டுக்காரருக்கு லண்டன். பயணம் முடிந்து திரும்பி ஒரு மாதம் ஆகிறது, ஆனால் டிக்கெட் எடுத்த கதையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் மூவருக்கும் சிங்கப்பூரின் சிவப்புக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்). அம்மா நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். இப்படிக் கலந்திருக்கும் குடும்பம் என்றால், எந்த ஊர் அழகு என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, யாருடைய விசா கடினமோ அதை முதலில் பாருங்கள்.

நாங்கள் போன பயண முகவர் அலுவலகத்தில் இருந்தவர் கணினியைக்கூடத் திறக்கவில்லை. "லண்டனா? சிங்கப்பூர்க்காரங்களுக்கு ஒண்ணும் தேவையில்லை, அம்மாவுக்கு மட்டும் விசா போட்டுக்கலாம்" என்றார். அது பழைய கதை. 2025 ஜனவரி 8 முதல் சிங்கப்பூர்க் குடிமக்களும் பிரிட்டனுக்குப் போகுமுன் மின்னணுப் பயண அனுமதி வாங்கியாக வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக வாங்க வேண்டும். பிரிட்டிஷ் அரசின் இணையத்தளத்தில் நானே தேடிப் பார்த்ததால் தெரிந்தது. அவரை நம்பி விமான நிலையம் போயிருந்தால் நாலு பேரில் மூன்று பேர் அங்கேயே நின்றிருப்போம்.

அம்மாவுக்கு அங்கே வருகையாளர் விசா வேண்டும். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக 3 வாரம் ஆகும். நவம்பரில் தஞ்சாவூரில் தம்பி மகனுக்குக் காதுகுத்து. கடப்பிதழ் விசா வேலையில் மாட்டிக்கொண்டால் அம்மா அதற்குப் போக முடியாது. பேரன் காதுகுத்தை விட்டுவிட்டு எந்த ஊருக்கும் வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். ஜப்பானுக்கோ, சிங்கப்பூரில் வசிக்கும் இந்தியக் கடப்பிதழ்க்காரர்கள் இணையத்திலேயே மின்விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், கடப்பிதழ் கையிலேயே இருக்கும். பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

மீதிப் பாதியை அம்மாவின் முழங்கால் முடிவு செய்தது. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் படியில்லாத வழி. கிறிஸ்துமஸ் அன்று அங்கே ரயிலும் ஓடாது, பேருந்தும் ஓடாது. டிசம்பரில் 4 மணிக்கே இருட்டு. டோக்கியோவிலும் நாலரைக்கு இருட்டிவிடும்தான், ஆனால் பகலில் பெரும்பாலும் நல்ல வெயில். விமானமும் 7 மணி நேரம்தான், லண்டனுக்கு ஆவதில் பாதி. வீட்டுக்காரர் இதற்குமேல் வாதாடவில்லை.

சரி, டோக்கியோ என்று முடிவானதும் அடுத்த தலைவலி. அம்மாவின் கடப்பிதழில் ஒரே பெயர், குடும்பப் பெயர் இருக்க வேண்டிய வரி காலி. நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கும் இப்படித்தான். விசா விண்ணப்பத்துக்கு டிக்கெட்டைப் பதிவேற்றும் முன் கடப்பிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். குடும்பப் பெயர் இடத்தில் முகவர் அலுவலகத்தில் அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள்! கடப்பிதழின் முதல் பக்கத்தில் அப்பா பெயரே கிடையாது.

போன் செய்தால் அதே ஆள். "எல்லாருக்கும் இப்படித்தான் போடுவோம், ஒண்ணும் ஆகாது." மாற்றித் தரச் சொன்னதும், மாற்றுக் கட்டணம் நாங்கள்தான் கட்ட வேண்டும் என்றார். நேரில் போனேன். கடப்பிதழ்ப் பக்கத்தின் படத்தை நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும், "ஓகே, சரியா இருக்கு" என்று அவர் பதில் போட்டதையும் மேலாளரிடம் காட்டினேன். ஒரு வெள்ளி வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஒற்றைப் பெயரை எப்படிப் போடுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள். டிக்கெட் எடுக்குமுன் விமான நிறுவனத்திடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகவரிடம் வாயால் எதுவும் பேசாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

விசா சிக்கலில்லாமல் வந்தது. ஆனால் அதைக் காட்டும் முறையைக் கவனியுங்கள். அச்சுப்படி செல்லாது, பிடிஎஃப் செல்லாது, திரைப்பிடிப்பும் செல்லாது. கைப்பேசியில் இணையத்தைத் திறந்து அந்த நேரத்தில் வருவதைக் காட்ட வேண்டும். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு தாத்தா மடித்த தாளை நீட்டிக்கொண்டிருந்தார், கவுண்டர் பெண் தலையாட்டிக்கொண்டே இருந்தார். தாத்தாவின் மகனுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, கடவுச்சொல் வாங்கி, என் கைப்பேசியிலேயே திறந்து காட்டினோம். அவர் கைப்பேசியில் ரோமிங்கும் இல்லை, டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் என்ன செய்வார் என்று அம்மாவுக்குக் கவலை. இறங்கியதும் அவரைக் கூடவே அழைத்துக்கொண்டு போய், குடிநுழைவிலும் அதே மாதிரி காட்டி அனுப்பிவைத்தோம்.

மருந்துப் பையையும் பாருங்கள். சூடோஎபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சளி மருந்து ஜப்பானுக்குள் தடை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அப்புறம் சைவக்காரர்கள்: காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் மீன் சாறு கலந்திருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நாங்கள் நிஷிகசாய் பக்கம் இருக்கும் இந்தியக் கடைகளை நம்பித்தான் அம்மாவுக்குச் சாப்பாடு போட்டோம். டோக்கியோவில் உவேனோ குளத்து நடுவில் இருக்கும் பென்சைதென் என்ற ஜப்பானியத் தெய்வம் நம் சரஸ்வதிதான் என்று சொன்னதும், அந்தக் குளிரிலும் அம்மா நகர மறுத்துவிட்டார்.

லண்டன் அடுத்த ஜூன் விடுமுறைக்கு. அப்போது அங்கே இரவு 9 மணிக்கு மேல்தான் இருட்டும், ஹைகேட் முருகன் கோயிலுக்கும் நிதானமாகப் போகலாம். பயணத்துக்கு 3 மாதம் முன்புதான் விசாவுக்கு விண்ணப்பிக்க விடுவார்கள், அதனால் மார்ச்சில் அம்மாவின் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவேன். இந்த முறை முகவர் கிடையாது, எல்லாம் நானே.