லாஸ் வேகஸ் ‘ஓ’: 220 டாலர் கொடுத்துப் பார்க்கலாமா?

லாஸ் வேகஸில் ‘ஓ’ என்ற சர்க்கஸ் நிகழ்ச்சிக்கு வாங்கிய டிக்கெட் விலையை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அக்காவும் நானும் பேசி வைத்திருந்தோம். கலிபோர்னியாவின் இர்வைனிலிருந்து கிளம்பி, வழியில் பார்ஸ்டோவில் காபி குடித்துவிட்டு, மொஹாவி பாலைவனத்தின் நடுவே ஐ-15 சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அம்மாவே கேட்டுவிட்டாள். “சர்க்கஸ் பாக்கவா இம்புட்டுத் தூரம்? டிக்கெட்டு எவ்வளவுடி?” அக்காவுக்கு அம்மாவிடம் மறைக்கத் தெரியாது. ஆளுக்கு 220 டாலர், மூன்று பேருக்கு 660. ரூபாயில் கிட்டத்தட்ட 55,000. லாஸ் வேகஸ் வந்து சேரும்வரை அம்மா ஒன்றும் பேசாமல் வறண்ட மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இது 2024 மார்ச்சில். டிக்கெட் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான் வாங்கிய இணையதளத்தில் முதலில் 175 டாலர் என்றுதான் காட்டியது. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் கேளிக்கை வரி 9 சதவீதம், அது சரி. அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று ஒன்றைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்து 220 ஆக்கினார்கள். அரங்கத்தின் சொந்தத் தளத்தையும் திறந்து வைத்து, கடைசித் தொகையை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

‘ஓ’ என்பது சிர்க் து சொலே நடத்தும் நிகழ்ச்சி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தெருக்கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து 1984-இல் தொடங்கிய நிறுவனம் அது. ‘ஓ’ 1998-இலிருந்து பெலாஜியோ ஹோட்டலுக்குள், இதற்காகவே கட்டிய 1,800 இருக்கை அரங்கில் நடக்கிறது. பிரெஞ்சில் தண்ணீரை ‘ஓ’ என்றுதான் உச்சரிப்பார்கள். மேடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குளம். ஏறக்குறைய 57 லட்சம் லிட்டர். சென்னையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் கணக்குப் போட்டால் 475 லாரி. பாலைவனத்தைத் தாண்டி வந்த களைப்போடு அந்த அரங்குக்குள் நுழைந்தால், அந்தத் தண்ணீரின் ஈர வாசனையே ஒரு கணம் நிறுத்திவிடுகிறது.

முதல் பதினைந்து நிமிடம் அம்மா சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். சிவப்புத் திரை ஒரு நொடியில் உள்ளே இழுபட்டு மறைந்ததும் கூட்டம் கை தட்டியது, அம்மா தட்டவில்லை. அப்புறம் கூரையிலிருந்து ஒரு கப்பலின் எலும்புக்கூடு போன்ற இரும்புச் சட்டம் இறங்கியது. அதன் மேல் நின்று ஊஞ்சல் போல ஆட்டி ஆட்டி, ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறந்து, கடைசியில் ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்தாள்.

“வலை எங்கடி?”

எங்கள் ஊருக்கு வரும் சர்க்கஸில் பார் விளையாட்டுக்குக் கீழே பெரிய வலை கட்டியிருப்பார்கள். இங்கே தண்ணீர்தான் வலை என்றேன். அவளுக்கு அது போதவில்லை. இன்னும் முன்னால் சாய்ந்து தேடினாள்.

“ஏண்டி, குதிச்ச பிள்ளைக எங்க? ஒண்ணுகூட மேல வரலையே.”

நிஜமாகவே ஒருவரும் மேலே வரவில்லை. குதித்த இடத்தில் அலை அடங்கிவிட்டது. நான் முன்பே படித்திருந்ததைக் காதோடு சொன்னேன்: தண்ணீருக்கு அடியில் காற்று சிலிண்டர்களோடு முக்குளிப்பாளர்கள் காத்திருக்கிறார்கள். குதிப்பவர்களுக்குச் சுவாசக் குழாயைக் கொடுத்து, அடியிலேயே அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இசை கேட்க நீருக்குள் ஒலிபெருக்கி இருக்கிறது. கலைஞர்களுக்கும் சிலிண்டர் வைத்து மூழ்கும் பயிற்சி உண்டு. அதன் பிறகு அம்மா தண்ணீரையேதான் பார்த்தாள். மேலே என்ன நடந்தாலும், கீழே யார் போனார்கள், யார் வந்தார்கள் என்பதுதான் அவள் கணக்கு.

எனக்கு இன்னொன்று பிடிபடவே இல்லை. ஒரு ஆள் ஏறக்குறைய 60 அடி உயரத்திலிருந்து டைவ் அடித்த அதே இடத்தில், சற்று நேரத்தில் இன்னொருவர் கணுக்கால் நனைய நடந்து போகிறார். ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமான குளம் அது. அடியில் ஏழு ஹைட்ராலிக் லிஃப்ட்கள் தரையை ஏற்றி இறக்குகின்றன. தரை முழுக்கத் துளைகள், தண்ணீர் அதன் வழியாக ஒழுகிவிடும். இவ்வளவும் தெரிந்து போய் உட்கார்ந்தும், தரை எப்போது மாறியது என்று ஒரு தடவைகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் நெருப்பு எரிய ஒருவர் நிதானமாகப் பேப்பர் படிப்பார். அந்தக் காட்சியில் நான் நெருப்பைவிட அவர் காலடியைத்தான் பார்த்தேன்.

குறை இல்லாமல் இல்லை. கதை என்று பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. கோமாளிகள் வரும் பகுதிகள் எனக்கு நீளமாகப் பட்டன. ஒன்றரை மணி நேரம், இடைவேளை இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் நடைபாதை ஓரத்து இருக்கை வாங்குவது நல்லது.

முன் வரிசைக்கு அதிகம் கொடுக்காதீர்கள். தெறிக்கும் தண்ணீர்கூடப் பரவாயில்லை. குளத்தின் பரப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. ஒலிம்பிக்கில் நீந்தியவர்கள்கூட வந்து சேர்ந்த குழு இது. அவர்கள் தண்ணீரில் போடும் கோலம் மேலிருந்து பார்த்தால்தான் கோலம். பக்கவாட்டு முன் இருக்கையைவிட மாடியின் நடுப்பகுதி மேல், விலையும் குறைவு.

இதே நிறுவனம் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போகும் நிகழ்ச்சிகளும் நடத்துகிறது. அதற்கு யாராவது 220 டாலர் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். இன்னொரு ஊரில், இன்னொரு வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ‘ஓ’வை அந்தக் குளத்தை விட்டு எங்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. கண்ணுக்குத் தெரியும் கலைஞர்களுக்கு மட்டுமல்ல, மேலே வராமல் நீருக்கு அடியில் இன்னொருவருக்காகக் காற்றோடு காத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். எனக்கு அது நியாயமாகப் பட்டது. மறுபடி கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பேன்.

சாப்பிட்டுவிட்டு ஹோட்டல் வாசலில் ஏரிக்கரைக்கு வந்தோம். அங்கே இரவில் கால் மணிக்கு ஒரு தடவை நீரூற்று ஆடும், டிக்கெட் கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு ஏற்ப எழும்பி விழுந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று மணி கேட்டாள். ஒன்பது முப்பத்தைந்து. ஒன்பதரைக்கு இரண்டாவது காட்சி உண்டு என்று அக்கா சொன்னாள்.

“அப்ப அந்தப் பிள்ளைக மறுபடி எறங்கியிருக்கும்ல?” அம்மா ஹோட்டல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “தலை துவட்டக்கூட நேரம் இருந்திருக்காதே.”