77 வயசும் 1 கோடி டாலரும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஒட்டுக்கடையில பசியாறிட்டு இருக்கேன், பக்கத்து மேசை அங்கிள் போன்ல பார்லிமென்ட் நேரலை ஓடுது, போன் கவர் பின்னாடி பேங்க் பின் நம்பர் எழுதுன துண்டுச் சீட்ட டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்காரு.

நல்லா பெரிய எழுத்துல. கண்ணு தெரியணும்ல.

"வயசான இந்த எம்பிங்களுக்கெல்லாம் சைபர் போர்னா என்னன்னு தெரியுமா தம்பி?"ன்னு அவரே என்னைக் கேக்குறாரு!

சிரிப்பு வந்துருச்சு. ஆனா வயசுதான் பிரச்சனையா? 2025 மார்ச்ல நம்ம மலேசிய ஏர்போர்ட் சிஸ்டத்த ஹேக் பண்ணி 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டப்போ, முடியாதுன்னு சொன்ன பிரதமர் அன்வாருக்கு 77 வயசு. அதுக்கு கம்ப்யூட்டர் படிச்சிருக்கணும்னு இல்ல, தில்லு இருந்தா போதும்.

சட்டம் போடுறது வேற கதை.

2024 சைபர் பாதுகாப்புச் சட்டம் இருக்குல்ல, பேங்க், மின்சாரம், ஆஸ்பத்திரி மாதிரி முக்கியமான எடத்துல தாக்குதல் நடந்தா 6 மணி நேரத்துக்குள்ள விவரம் குடுக்கணும்ங்குது, நல்லதுதான், ஆனா அதே சட்டத்துல, அத மீறினாலும் அரசாங்கத்து மேல குற்ற வழக்கு போட முடியாதுன்னும் எழுதியிருக்கு. நம்ம ஐசி (அடையாள அட்டை) நம்பர், வரிக் கணக்கு எல்லாத்தையும் வெச்சிருக்கறதே அவங்கதான்!

அந்த வரியப் படிச்சுப் பாத்துட்டு எத்தன ஒய்பி, அதான் நம்ம எம்பிங்க, கை தூக்குனாங்கன்னுதான் எனக்குத் தெரியணும்.