மன்னார்குடி வோல்டேஜுக்கு ஒரு கம்ப்யூட்டர்

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். 2023 வரைக்கும் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்தான். ஒரு பக்கத்தில் இருபது படங்களை அடுக்கிச் சேமிக்கக் கொடுத்தால் நாலைந்து நிமிடம் அப்படியே நின்றுவிடும். அந்த வருஷம் சீட்டு எடுத்ததில் 40 ஆயிரம் ரூபாய் கைக்கு வந்தது. பாகம் பாகமாகப் பார்த்து வாங்கி, நானே அசெம்பிள் பண்ணுவது என்று முடிவு செய்தேன்.

எல்லோரையும் போல நானும் பிராசஸரில்தான் ஆரம்பித்தேன். ஒரு நோட்டில் நாலு விதமாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஒயரிங் வேலை பார்க்கும் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "சாயங்காலம் நம்ம தெருவுல என்ன வோல்டேஜ் வருதுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. அவருடைய மல்டிமீட்டரை வாங்கி மூன்று நாள் குறித்தேன். பகலில் 225. இரவு ஏழு மணிக்கு மேல் 180. ஒருநாள் 172 வரை இறங்கியது. அது ஜூன் மாத ஆரம்பம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாள் ஆகும். அதுவரை குறுவை நாற்றங்காலுக்கு போர் தண்ணீர்தான். எங்கள் தெருவும் வயல் மோட்டார்களும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பதால், மோட்டார்கள் ஓடும்போது வீட்டில் விளக்கு மங்கும்.

அன்றைக்கே பழைய பட்டியலை விட்டுவிட்டு, புதிய பக்கத்தில் முதல் வரியாக எஸ்எம்பிஎஸ் என்று எழுதினேன். வீட்டு மின்சாரத்தை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பாகம் அது.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். விலை குறைந்தவை பலவற்றில் உள்ளே வரும் மின்சாரம் 200–240 வோல்ட் என்று இருக்கும். எங்கள் ஊர் சாயங்காலத்துக்கு அது ஆகாது. கொஞ்சம் நல்லதில் 100–240 என்று இருக்கும். அப்புறம் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸருக்குப் போவது அந்த லைன்தான். 36 ஆம்பியர் என்றால் 12-ஆல் பெருக்கி 432 வாட். 450 வாட் என்று விற்கும் ஒன்றில் இந்தக் கணக்கு பாதிக்குத்தான் வருகிறது என்றால் அதை எடுக்காதீர்கள். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்சிக்கனத் தரத்தில் 450 வாட் ஒன்றை 3,600 ரூபாய்க்கு எடுத்தேன். அத்தனை பாகங்களிலும் நான் அதிக நேரம் செலவழித்தது இதற்குத்தான்; இன்றைக்கு வாங்கினாலும் அப்படித்தான் செய்வேன்.

பிராசஸருக்கு ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஆல்பம் வேலைக்கு ரேமும் பிராசஸரும்தான் முக்கியம், தனி கிராபிக்ஸ் கார்டு அவசியமில்லை. அந்தப் பணம் மிச்சமானதால்தான் மற்ற எல்லாம் நடந்தது. இன்டெல்லின் ஐ3 12100எஃப் கொஞ்சம் மலிவாக வந்ததால் அதன் மேலும் கண் இருந்தது. ஆனால் இன்டெல்லில் கடைசியில் எஃப் என்று வந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு அப்புறம் கார்டுக்கு அலைந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

உள்ளிருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் வைத்திருப்பதில்லை, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கினேன். ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே உள்ள இரண்டு பாதையும் (சேனல்) சேர்ந்து ஓடும்போது வேகம் நன்றாகவே கூடுகிறது. எல்லாப் பாகங்களையும் பூட்டும் மதர்போர்டு பி450 சிப்செட், ரேமுக்கு நாலு இடம் உள்ளது. இது பழைய சிப்செட் என்பதால், ரைசன் 5000 வரிசைக்குத் தயார் என்ற ஸ்டிக்கர் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பயாஸ், அதாவது போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளை, அப்டேட் செய்ய வேண்டியிருக்கும். ஸ்டோரேஜ் 500 ஜிபி என்விஎம்இ, போர்டிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டி.

மானிட்டரில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஐபிஎஸ் திரைதான் வேண்டும் என்று நின்றேன். மலிவான டிஎன் திரையில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும். கூரைப் புடவையின் அரக்குச் சிவப்பை அதில் நம்பித் திருத்த முடியாது. ஆல்பம் அச்சாகி வந்து பெண் வீட்டார் கையில் இருக்கும்போது, புடவை நிறம் மாறியிருந்தால் நான் என்ன பதில் சொல்வது?

மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில், "கேபினெட்டோட எஸ்எம்பிஎஸ் சேர்ந்தே வருது தம்பி, தனியா எதுக்குக் காசு?" என்றார்கள். திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தேன். 200–240. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனேன். எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கினேன். வாரன்டிக்கு அதுதான் ஆதாரம்.

பூட்டுவது பயந்த அளவுக்கு இல்லை, ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. பிராசஸர் பெட்டியோடு வரும் கூலரில் (சூட்டைத் தணிக்கும் ஃபேன்) பேஸ்ட் தடவியே இருக்கிறது. ஆனால் அதன் நாலு ஸ்க்ரூவும் இறங்க, போர்டில் ஏற்கெனவே பூட்டியிருக்கும் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். முதல் தடவை ஆன் செய்தபோது திரை வரவில்லை. ஒரு ரேம் முழுதாக உட்காரவில்லை. கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தியதும் வந்துவிட்டது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்தால்தான் ரேம் 3200 வேகத்துக்குப் போகும், அதை மறக்க வேண்டாம்.

பிரச்சினை அன்று ராத்திரிதான் தெரிந்தது. செருப்பில்லாமல் நின்று கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. பாகம் ஏதோ கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். சித்தப்பா வந்து பார்த்தார். பாகத்தில் குறை இல்லை, எங்கள் வீட்டில் எர்த்தே வேலை செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் உலோக உறையோடு இணைத்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உறையில் பாதி வோல்டேஜ் நிற்கும். மீட்டரில் 110-க்குப் பக்கத்தில் காட்டியது. மூன்று முள் பிளக் பாயிண்ட் இருக்கிறது என்பதற்காக எர்த் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

மறுநாள் கொல்லையில் குழி தோண்டி எட்டடி ஜிஐ பைப் இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் கல் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்த்தார் சித்தப்பா, முழுப் பிரகாசத்தில் எரிந்தது. (தெரியாதவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம், ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.) அதற்கப்புறம் கேபினெட்டில் சுருக் இல்லை.

600 விஏ யுபிஎஸ் ஒன்றும் வாங்கினேன். ஏவிஆர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வோல்டேஜ் இறங்கும்போது பேட்டரிக்குத் தாவாமல் தானே தூக்கிக் கொடுக்கும். இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பேட்டரி சீக்கிரமே போய்விடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதன் பின்னால் உள்ள சுவிட்சை யுபிஎஸ் மோடில் வைத்துப் பாருங்கள். சாதாரண மோடில் மின்சாரம் மாறும் அந்தக் கணத்திலேயே கம்ப்யூட்டர் அணைந்து எழலாம். மொத்தம் 42 ஆயிரம் ஆனது. கூடுதல் இரண்டாயிரத்தை அம்மா கொடுத்தார்.

எங்கள் களிமண் மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரம் போனால் எர்த்தும் பலவீனமாகிவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் துளசி மாடத்துக்கு ஊற்றும்போதே அந்தப் பைப்பிலும் ஒரு குடம் ஊற்றிவிடுகிறார் அம்மா.